வண்டி நிற்கும் முன்னே இறங்குகிறவர்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் அதிகம் எழுதியது ரவிக்கை அளவுகள்தான். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் அந்த மலையிலேயே இருக்கிறார்கள். பெயர் போட வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி ஜவ்வாது மலைக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். பிறந்தது அடிவாரத்தில், கோயில் மணி அடித்தால் பூசைக்கு ஓடுகிற கிறிஸ்தவக் குடும்பம். என் வீட்டுக்காரருக்கு வனத்துறையில் வாட்ச்சர் வேலை. நெல்லிவாசல் நாட்டுக்கு, மலையில் சேர்ந்தாற்போல் உள்ள ஊர்களை நாடு என்பார்கள், போகிற வழியில், பத்துப் பதினைந்து கடைகள் உள்ள ஒரு தெருவில் குடியிருந்தோம். ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தட்டி மறைப்புக்குள் என் தையல் மெஷின். துணியிலிருந்து தலை நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது நான் எழுத வந்த அந்த மனிதர் ஓட்டுகிற ஜீப்தான். ஆனால் அது நின்று நான் அதிகம் பார்த்ததில்லை.

மற்ற ஜீப்காரர்கள் ஆள் சேரும்வரை காத்திருப்பார்கள். உள்ளே அடைத்து, பின்னால் தொங்கவிட்டு, பானெட்டில் இரண்டு பேர் உட்கார்ந்த பிறகுதான் கிளம்புவார்கள். இவர் நாலு பேர் ஏறியதும் கிளம்பிவிடுவார். ஐந்தாவது ஆள் புளி மூட்டையோடு கைதட்டிக்கொண்டு ஓடிவந்தாலும் நிறுத்த மாட்டார்.

ஜீப்பின் சொந்தக்காரர் அடிவாரத்து முதலாளி. வாரத்துக்கு ஒருமுறை வந்து தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாய்யா, டீசல் என் அப்பன் வூட்டுதா? இன்னும் அஞ்சு நிமிஷம் நின்னா இன்னா?"

"நின்னா வேர் வுட்ரும் முதலாளி."

இதுதான் அவர் வாய்ச்சொல். எதற்கும் இதையே சொல்வார். டீக்கடையில் டீ ஆறும்வரை உட்காரச் சொன்னாலும் இதுதான். சுடச்சுட விழுங்கிவிட்டு நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டு போவார்.

எந்த வண்டியில் போனாலும் அது நிற்கும் முன் இறங்கிவிடுவார். பஸ்ஸில் வந்தால் ஸ்டாப்புக்கு முந்தின வளைவில், வண்டி வேகம் குறையும்போதே படியிலிருந்து குதித்து, குறுக்குப் பாதையில் ஏறி, பஸ் வந்து நிற்கும்போது அவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். தன்னுடைய ஜீப்பிலேயே அப்படித்தான். இன்ஜினை அணைத்ததும் ஒரு கால் தரையில் இருக்கும், ஜீப் இன்னும் கொஞ்சம் உருண்டுகொண்டிருக்கும். ஒருநாள் அப்படி உருண்டு வந்து என் தட்டியில் முட்டி நின்றது. நான் மெஷினை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்து, "பயந்துட்டியா டெய்லரம்மா? வண்டிக்கு உன் கடை புடிச்சிக்கீது" என்றார்.

துணி தைக்கக் கொடுத்துவிட்டுப் போனால் அன்றைக்கே மூன்று தடவை வருவார். ஒருமுறை காஜா எடுக்காத சட்டையையே பிடுங்கிக்கொண்டு போய், பொத்தான் போடும் இடத்தில் ஊக்கு ஊக்காகக் குத்திப் போட்டுக்கொண்டு ஓட்டினார். "காஜா எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது அண்ணே" என்றேன். "அதுக்குள்ள நான் திருப்பத்தூர் பாதி போய்டுவேன்" என்றார். அந்த ஊக்குச் சட்டையை அவர் கடைசிவரை என்னிடம் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அவருடைய மனைவி அவருக்கு நேர் எதிர். அவள் கேழ்வரகு புடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வரும், அத்தனை நிதானம். என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். அவர்கள் கல்யாணக் கதையை அவள்தான் சொன்னாள். தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பத் திரும்பியிருக்கிறார். அவர் துப்பிவிட்டுத் திரும்பி, "கட்டு" என்று சொல்ல வேண்டும், மேளக்காரர்கள் அடிக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் மூன்று முடிச்சும் விழுந்திருக்கிறது.

"மேளக்காரன் குச்சியத் தேடிகினு கீறான் அக்கா. எனக்குக் கழுத்துல கனமாக் கீது. எங்க அம்மா, இது செல்லுமா செல்லாதான்னு ஊர்க்கவுண்டரைக் கேக்குது."

"அவர் என்ன சொன்னார்?"

"இன்னொரு தபா கட்டச் சொன்னா இவன் வூட்டுக்கே போயிருப்பான், வுடுங்கன்னாரு."

இதையெல்லாம் எழுதும்போது அவரை ஒரு கோமாளி போல ஆக்கிவிடுகிறேனோ என்று தோன்றுகிறது. அப்படியில்லை. மழைக்காலத்தில் ஒருநாள், உள்ளே இருக்கிற ஒரு குக்கிராமத்திலிருந்து பிரசவம் ஆகாத ஒரு பெண்ணைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டாண்டில் இருந்தவர்கள் மழை விடட்டும், வாய்க்கால் வடியட்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை ஏற்றினார், ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், போய்விட்டார். கூட வந்த அவள் புருஷனே ஓடித் தொற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. செக்போஸ்ட்டில் மூங்கில் கம்பு இறக்கியிருந்தது, வாட்ச்சர் டீ குடிக்கப் போயிருந்தார். காத்திருக்காமல் கம்பை முறித்துக்கொண்டு போனார். அந்த வாட்ச்சர் என் வீட்டுக்காரர்தான். மேலே ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று குதித்தவர், தாயும் பிள்ளையும் பிழைத்த செய்தி வந்த பிறகு, காட்டெருமை முட்டி முறிந்தது என்று எழுதினார்.

அப்படிப்பட்டவர் ஒரு விசாவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அடிவாரத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் துபாய், குவைத் என்று போய்க்கொண்டிருந்த காலம். அங்கே லாரி ஓட்டுகிற ஒருவன் லீவில் வந்து இவர் ஜீப்பில் ஏறியிருக்கிறான். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நின்று, பின்னால் எடுத்து, மறுபடி ஏறி இவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல ரோடு நூல் புடிச்சாப்ல நேராப் போவும். காலைல மிதிச்சா சாயங்காலம்தான் எடுக்கணும்" என்று சொல்லியிருக்கிறான். இவருக்கு அன்றைக்குப் பிடித்தது அது.

என் கடைக்கு வந்து, மெஷினுக்கு முன்னால் நின்றபடியே சொன்னார். "வளைவே கெடையாதாம் டெய்லரம்மா. எதிர்ல வர்றவன் ஒரு மைலுக்கு முன்னாடியே தெரிவானாம். யாருக்கும் ஒதுங்கி நிக்க வாணாம்."

"மலை இல்லாத ஊர்ல எப்படி அண்ணே இருப்பீங்க?"

"இருக்கறதுக்கா போறேன்? ஓட்டறதுக்குப் போறேன்."

சம்பாத்தியம் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் அதைத்தான் பேசினார்கள், அவர் ரோட்டைப் பற்றியே பேசினார். அவருக்கு அப்போதே நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பதுக்கு மேல் அந்தக் கம்பெனி ஆள் எடுக்காது. இந்தத் தடவை விட்டால் இன்னொரு தடவை இல்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மெட்ராஸில் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் ஆள் எடுத்தார்கள். வண்டி ஓட்டிக் காட்டினார், தேறினார். உள்ளே ஒரு குமாஸ்தா மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியிருக்கிறான். இவர் முறை வந்ததும் அவன் தலை நிமிராமல், "நீ யாரு, எந்த..." என்று ஆரம்பித்திருக்கிறான். கேள்வி முடியும் முன்பே இவர், "மலையாளிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மலைக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்கிற ஜனங்களுக்கு மலையாளி என்றுதான் பெயர். சர்க்கார் சான்றிதழிலும் அப்படித்தான் போட்டிருக்கும். மலையை ஆள்கிறவர்கள் என்று அவர்கள் அதற்கு அர்த்தம் சொல்வார்கள். பேசுவது தமிழ். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலையில் யாராவது "நீ யாரு" என்று கேட்டால் அதுதான் பதில். மெட்ராஸ் குமாஸ்தாவுக்கு அது எப்படித் தெரியும்? அவன் இவரைக் கேரளத்து ஆட்களோடு சேர்த்துவிட்டான். அது எங்களுக்குத் தெரியவந்தது ரொம்பப் பின்னால்.

பாஸ்போர்ட் கையில் இருந்தது. அரபு நாட்டிலிருந்து விசாத் தாள் தபாலில் வர வேண்டும். வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பம்பாய் போய், கும்பலோடு விமானம் ஏற வேண்டும். விசாத் தாள் இல்லாமல் பம்பாய்க்கு வராதே, வந்தாலும் ஏற்ற மாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். விமானம் ஒரு சனிக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

விசா வரவில்லை.

அந்த நாட்களில் அவரைப் பார்க்கவே எனக்குப் படபடப்பாக இருக்கும். தபால் மூட்டை காலை பஸ்ஸில் வரும். இவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாதி மலை இறங்கி, வளைவில் பஸ்ஸை மறித்து, கண்டக்டரிடம் மூட்டையைக் கேட்பார். அரக்கு முத்திரை வைத்த மூட்டை, பிரிக்க முடியாது. வெளியே தடவித் தடவிப் பார்ப்பார்.

"உன் விசா உள்ள தூங்குது. எழுப்பாத, தூக்கம் கெட்டுப்பூடும்" என்பார் கண்டக்டர்.

பிறகு பஸ்ஸுக்கு முன்னால் ஜீப்பை விரட்டி வந்து போஸ்டாபீஸ் வாசலில் நிற்பார். போஸ்ட் மாஸ்டர் பிரித்துக் கொட்டி, இல்லை என்று கையை விரிப்பார். ஒருநாளா இரண்டு நாளா? ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பது போய், அவரைப் பார்த்தால் எல்லாரும் "வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். காது மந்தமான ஒரு தாத்தா, விசாகம் என்று கேட்டுக்கொண்டு, "வைகாசிலதான்டா வரும், அதுக்குள்ள ஏன் பறக்கற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போது கை ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது.

எனக்கும் அந்தப் பதைப்பு தொற்றிக்கொண்டது. பயணத்துக்கு என்று ஒரு பேண்ட் தைக்கக் கொடுத்திருந்தார், உள்ளே பாஸ்போர்ட் வைக்க ஒரு ரகசியப் பை வைத்து. முதல் தடவையாக நான் முடிக்கும்வரை அவர் வந்து கேட்கவில்லை. நானே கூப்பிட்டு, "தயார் அண்ணே" என்றேன். வாங்கிக்கொள்ளாமல், "அது வரட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

விமானம் போகிற வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. உங்கள் பெயர் கேரளப் பட்டியலில் இருக்கிறது, விசா எர்ணாகுளம் ஆபீஸுக்குப் போயிருக்கிறது, நேரில் போய் வாங்கிக்கொள்ளவும் என்று. போஸ்ட் மாஸ்டர் வாசித்து முடிப்பதற்குள் இவர் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பேண்டை நான் தட்டி வழியாக நீட்டினேன். ஓடுகிற பஸ்ஸில் ஏறியபடியே வாங்கிக்கொண்டார். மனைவி அப்போது மொச்சைக் காட்டில் இருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எர்ணாகுளத்தில் நடந்ததைப் பிற்பாடு பலமுறை அவர் நடித்துக் காட்டியிருக்கிறார். அங்கே இருந்த ஆபீஸர் மலையாளத்தில் ஏதோ கேட்க, இவர் தமிழில் பதில் சொல்ல, அவர் மறுபடி கேட்க, இப்படியே போயிருக்கிறது.

"மலையாளி அல்லே?"

"மலையாளிதாங்க."

"பின்னே மலையாளம் பேசு."

"எங்களுக்குத் தமிழ்தாங்க."

"அப்போ மலையாளி அல்ல."

"மலையாளிதாங்க சார். பொறந்ததுலேர்ந்து."

ஆள் மாறாட்டம் செய்ய வந்தவன் என்று நினைத்து உட்கார வைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி விஷயம் விளங்க திங்கட்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது, அன்றைய ரயிலும் போய்விட்டது. விளங்கிய பிறகு, வந்து வாங்காதவர்களுடைய விசாவை எல்லாம் முந்தின வெள்ளிக்கிழமையே அவரவர் முகவரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டோம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த ரிஜிஸ்டர் தபால் எங்கள் மலைக்கு வந்தது. அதே நேரத்தில் அவருடைய தந்தியும் போஸ்டாபீஸ் போனுக்கு வந்தது. விசா வீட்டுக்கு வருகிறது, நான் புதன் காலை வண்டியில் ஜோலார்பேட்டை வருகிறேன் என்று. போஸ்ட் மாஸ்டர் நல்ல மனிதர். கவரை மனைவியிடமே கொடுத்து, என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவள் அந்தக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அவர் போவதில் அவளுக்கு விருப்பமா இல்லையா என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

"அக்கா, பம்பாய் வண்டி எப்போ?"

"நாளைக்குச் சாயங்காலம். ஜோலார்பேட்டையிலதான் நிக்கும்."

"அதை வுட்டா?"

"அதை விட்டா சனிக்கிழமைக்குள்ள போய்ச் சேர முடியாதாம். போஸ்ட் மாஸ்டர் சொன்னார்."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். காலையில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, மலையேறி, வீட்டுக்கு வந்து, கவரை எடுத்துக்கொண்டு, மறுபடி மலையிறங்கிச் சாயங்கால வண்டியைப் பிடிப்பது நடக்காத காரியம். மதியத்துக்கு மேல் கீழே போகும் பஸ் கிடையாது, ஜீப்பில் அவரை விரட்டிக்கொண்டு இறங்க விட அவளுக்குப் பயம்.

"நாமளே எடுத்துகினு போய்ட்லாம். அவரு எறங்கற எடத்துலயே குடுத்துட்டா, சாயங்காலம் வரைக்கும் அங்கயே இருந்து வண்டி ஏறிடுவாரு. நீ கூட வா அக்கா. எனக்கு டேஷன் தெரியாது."

எனக்கு மட்டும் தெரியுமா? ஆனாலும் போனேன். புதன்கிழமை விடியற்காலை பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கினோம். கவரை அவள் ரவிக்கைக்குள் வைத்து, மேலே புடவையை இழுத்துச் செருகி, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள். வழியில் யாரைப் பார்த்தாலும் கை இறுகியது.

ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் நாங்கள் போய் நின்றபோது எர்ணாகுளம் வண்டி இன்னும் வரவில்லை. தூரத்தில் அவுட்டரில் நிற்கிறது, சிக்னல் விழவில்லை என்றார்கள். நிறைய நேரம் நின்றது. பிறகு மெதுவாக உள்ளே வந்தது. அவள் முன்பக்கமும் நான் பின்பக்கமும் ஓடினோம். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தோம். எனக்கு முன்பின் தெரியாத ஆண்களின் முகத்தை அப்படி நேருக்கு நேர் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவர் இல்லை. வண்டி கிளம்பிப் போயிற்று.

வடைத் தட்டோடு அந்த வண்டியிலிருந்து இறங்கிய ஒருவரிடம் நான் கேட்டேன். எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. கட்டம் போட்ட சட்டை, தோள்பை, நாற்பது வயசு இருக்கும் என்று அடையாளம் சொன்னேன்.

"அந்த ஆளா? அவுட்டர்ல நின்னப்பவே குதிச்சுட்டாரும்மா. வண்டி எப்ப நகர்றது, நான் எப்ப ஊர் போய்ச் சேர்றதுன்னு சொல்லிகினே குதிச்சாரு. வயல்ல எறங்கி ரோட்டுப் பக்கமா நடந்தாரு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இந்நேரம் பஸ்ல குந்திகினு இருப்பாரு. இல்ல, படில தொங்குவாரு."

"மதிய பஸ்ல நாமளும் மேலே போயிடலாமா?"

அவள் யோசித்தாள். அவள் யோசித்தால் நேரம் ஆகும். நான் பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாணாம் அக்கா. அவரு மேல போவாரு. வூடு பூட்டிக் கீறதப் பாப்பாரு. கவரை நாம கொண்டாந்தது ஸ்டாண்ட்ல எல்லாருக்கும் தெரியும், சொல்லுவாங்க. அடுத்த நிமிஷம் ஜீப்பை எடுத்துகினு எறங்கிடுவாரு. அவர நான் பத்து வருஷமாப் பாக்கறேன். நாம ஏறனா அவரு எறங்குவாரு, தவறிப்பூடும். நாம இங்கயே இருக்கலாம்."

சரியான யோசனைதான். அந்த மனிதரைத் தெரிந்த யாரும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். பஸ் போகிற தார் ரோட்டை விட்டு, ஜீப்பில் வனத்துறையின் காட்டு ரோடு வழியாக விரட்டினால் சாயங்கால வண்டிக்கு முன்னால் தாராளமாக வந்துவிடலாம். நாங்கள் ஸ்டேஷன் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்தாள். போலீஸ் ஜீப் ஒன்று வந்தது. ஒரு கல்யாண ஜீப் வந்தது. ரவிக்கைக்குள் இருந்த கவர் வியர்வையில் நனைகிறதோ என்று எடுத்து, தலைப்பில் ஒற்றி, என் மடியில் வைத்தாள். பிறகு என் மடியிலிருந்து எடுத்து மறுபடி தன்னிடமே வைத்துக்கொண்டாள். மதியம் இட்லி வாங்கினோம். பிரித்து வைத்துவிட்டு இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பம்பாய் வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அன்றைக்கு என்று அது அவுட்டரில்கூட நிற்கவில்லை.

அவள் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து குதித்து ஏறுவார், ஏறும்போது நீட்டிவிடலாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. வண்டி நகர்ந்தது. அவளும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள், கவரை நீட்டிக்கொண்டே. கதவில் நின்ற ஒரு சிப்பாய், யாருக்காவது கொடுக்க வேண்டுமோ என்று கையை நீட்டினான். அவள் சட்டென்று கவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அன்றிரவு திருப்பத்தூரில் என் அக்கா வீட்டில் தங்கினோம். வழியில் ஜீப் எங்காவது உருண்டிருக்குமோ என்பதுதான் எங்கள் இரண்டு பேர் மனதிலும் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மேலே வந்தோம். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கடையை விட்டு வெளியே வந்து, நடந்ததைச் சொன்னார். அவள் வீட்டுக்காரர் முந்தின நாள் மதியம் வந்திருக்கிறார். விஷயம் கேட்டதும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இன்ஜின்கூடப் போட்டுவிட்டார். பிறகு அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். போய்யா, இன்னும் நேரம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா சொன்னான் தெரியுமாம்மா? நான் இல்லன்னு பாத்துட்டு அவ மதியான பஸ்ல ஏறியிருப்பா, நான் காட்டு ரோட்ல எறங்கனா அவ தார் ரோட்ல ஏறுவா, ஒரு தபா குதிச்சுக் கெடுத்தது போதும், இந்தத் தபா நிக்கறேன்னான். மதியான பஸ் வந்துச்சு. ஒவ்வொரு ஆளா எறங்கறதப் பாத்தான். நீங்க இல்ல. அதுக்கு மேல ஓட்னாலும் ரயிலு கெடைக்காது, வூட்டுக்குப் பூட்டான்."

பூட்டிக் கிடந்த கதவுக்கு முன்னால் அவர், நான் தைத்த பேண்டோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவள் கவரை நீட்டினாள். வாங்கினார், பிரிக்கவில்லை.

"நீ ஏறி வருவேன்னு இருந்தேன்" என்றார்.

"நீ ஒக்காந்துகினு இருப்பேன்னு நான் இன்னா மாமா கண்டேன்" என்றாள் அவள்.

பிறகு அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். நான் கடைக்கு வந்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை, சந்தை நாள். மத்தியானம் வரை அவருடைய ஜீப் ஸ்டாண்டிலேயே நின்றது. பிறகு முதலாளி வேறு ஆளை வைத்து எடுத்துக்கொண்டு போனார்.